அரைச் சுண்டுப் பால்மா

அத்தியாயம் பதினொன்று

சரஸ்வதி இறந்து அன்றோடு மூன்று மாதமும் பதினெட்டு நாளும் ஆகியிருந்தன. பிரசவமாகி ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போனாள். அவள் விட்டுப்போன பெண்குழந்தைக்குக் கொஸ்லந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பதுளையிலிருந்து வந்தவள் சரஸ்வதியின் தங்கை பரிமளம். அவர்கள் குடும்பத்துக்குப் பதுளைக் கடைத்தெருவில் அரிசிக்கடை. வருஷம் திரும்பியதும் அக்காள் புருஷனான கணக்கப்பிள்ளை வீரசிங்கத்துக்கே அவளைக் கட்டிவைப்பதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அவளிடமும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை என்பது போன வாரம் நாம் பார்த்த சங்கதி.

முதலில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண் ஒருத்தி பாப்பாவுக்குப் பால் கொடுத்து வந்தாள். அவள் புருஷனோடு அப்புத்தளைப் பக்கம் வேறு தோட்டத்தில் பேர் பதிந்து போய்விட்டாள். அதன் பிறகு டின் பால்மாதான். முப்பத்திரண்டு நாளாக.

அந்த முப்பத்திரண்டு நாளில் பாப்பா தேய்ந்துவிட்டது. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. கடைசி நாலு நாளாக அழுகையும் நின்றிருந்தது. வீரசிங்கத்தின் அக்காள் ஜெயலெட்சுமி, குழந்தை அடங்கிவிட்டது, நல்லதுதான் என்றாள். பரிமளத்துக்கு அந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

அன்று சனிக்கிழமை. விடிந்து வெகுநேரமாகியும் மலைப்பக்கம் வெளுக்கவில்லை. பரிமளம் அடுப்படியில் உட்கார்ந்து டின்னைத் திறந்தாள். சுண்டை எடுத்தாள். நாலு சுண்டு சேர்ந்தால் ஒரு கொத்து; அரிசிக்கடை வீடுகளில் தகரத்தில் அடித்த அந்தச் சின்ன அளவு இல்லாமல் அடுப்பு எரியாது. சுண்டின் உள்ளே பாதியில் கரியால் ஒரு கோடு கிழித்திருந்தாள். அந்தக் கோடுவரை மாவைப் போட்டு, கத்தி முனையால் மட்டம் தட்டினாள். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதை ஆறு பங்காகக் காகிதத்தில் மடித்து வைப்பாள். ஆறு வேளைக்கு ஆறு பொட்டலம்.

ஜெயலெட்சுமி முறத்தைத் தட்டிக்கொண்டே பார்த்தாள்.

"பொட்டலம் மடிக்கிறதப் பாரு. வெத்தலபாக்குக் கடை வைக்கலாம்."

"டாக்டரையா எழுதிக் குடுத்தபடிதான் செய்றேன் மதினி."

"எழுதுனதப் படிக்கத் தெரிஞ்சவதான். புள்ளைக்குத் தெரியலையே, தான் வளரணும்னு."

பரிமளம் சுவரில் ஆணியில் குத்தியிருந்த சீட்டை மறுபடி பார்த்தாள். தோட்டத்து மருந்துக்காம்பராவில் இருக்கும் லிங்கம் டாக்டர் எழுதியது: 'ஒரு நாளைக்குப் பால்மா கால் இறாத்தல். கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றேகால் போத்தல். ஆறு தடவை.' ஒரு எழுத்துக்கூட அவள் மீறவில்லை. அந்த ஒன்றுதான் அவளுக்குத் தைரியம்.

லிங்கம் அன்று மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பால்மா குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பார்த்து முடிவு சொல்கிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார்.

பத்து மணிக்கு வாசலில் மாட்டுவண்டி நின்றது. பரிமளத்தின் அண்ணன் சண்முகராஜா இறங்கினார். ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று சுற்றி இரண்டு நாள் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கையில் சாக்கு.

"கடை பாதி நாள் பூட்டித்தான் கெடக்கு தாயி. அரிசிக் கப்பல் வந்தாத்தானே? ஊரே மாவத் திங்குது. பக்கத்து ஜௌபர் கடையில மாவுக்குச் சண்ட, ரெண்டு பேருக்கு மண்ட ஒடஞ்சிருச்சு. சரி, பாப்பா எங்க?"

பரிமளம் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். விரலை நீட்டி அதன் கன்னத்தைத் தொடப்போனார், தொடவில்லை.

"நீ எழுதுன கடுதாசியில இப்படின்னு எழுதலையே."

"எளச்சிருக்குன்னு எழுதுனேன்ல."

"எளச்சிருக்குன்னா..." என்றார்.

சாக்கை அடுப்படிக்குத் தூக்கிப்போனார். அடுத்த மாதத்துக்கு எட்டு டின் பால்மா. அவற்றைப் பலகையில் அடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். பலகையில் ஏற்கனவே நாலு டின் இருந்தன. மூடியின் ஈயம்கூட உடைக்கவில்லை.

"இது எது?"

"போன தடவ நீங்க குடுத்து விட்டது."

"எட்டுக் குடுத்தேன்."

"ஆமா. நாலு முடிஞ்சிருச்சு."

சண்முகராஜா கணக்குப் போடுவதற்கு விரல் மடக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு டின் ஒரு இறாத்தல் எடை. நாளைக்குக் கால் இறாத்தல் என்றால் நாலு நாளைக்கு ஒரு டின். எட்டு டின் முப்பத்திரண்டு நாள். அதற்காகத்தான் எட்டு அனுப்பினார். அதற்காகத்தான் இன்று வந்தார்.

கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வேளை தவறுனியா?"

"ஒரு வேளைகூட இல்லண்ணே."

"வாந்தி எடுத்துச்சா? மிச்சம் வச்சுச்சா?"

"நக்கிக் குடிக்கும். முடிஞ்ச பெறகும் புகட்டுற பாலாடைய விடாது. அதுவும் இந்த நாலு நாளாத்தான் இல்ல."

"நீ அளக்கிறதக் காட்டு."

அவள் காட்டினாள். கரிக்கோடு. கத்தி முனை. மட்டம். முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"கால் இறாத்தல்னா அரைச் சுண்டு. கொத்து ரெண்டு இறாத்தல், சுண்டு அரை இறாத்தல்னு நீங்களும் அப்பாவும் சொல்லிச் சொல்லித்தானே எனக்குப் பாடம்."

"அது அரிசிக்கும்மா."

"அளவு அளவுதானேண்ணே?"

சண்முகராஜா சுண்டை வாங்கி உள்ளே பார்த்தார்.

அவர்கள் கடையில் இரண்டு பக்கம் உண்டு. பின்கட்டில் அரிசி. அது கொத்தால் வரும், கொத்தால் போகும். வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம். முன்கட்டில் தராசு. மாவு, சீனி, மல்லி, மிளகாய் எல்லாம் அங்கேதான் நிறுக்கப்படும். பெண்கள் முன்கட்டுக்கு வருவதில்லை. பரிமளம் இருபத்திரண்டு வயதுவரை ஒரு பிடி மாவைத் தராசில் பார்த்ததில்லை.

அவர் வண்டிக்குப் போய், மிளகு நிறுக்க வைத்திருந்த கைத்தராசைக் கொண்டுவந்தார். ஒரு தட்டில் கால் இறாத்தல் படிக்கல். மறு தட்டில் அவள் அளந்த அரைச் சுண்டு மாவைக் கொட்டினார்.

தட்டு எழவே இல்லை. கல் இருந்த பக்கம் அப்படியே தாழ்ந்து நின்றது.

இன்னொரு அரைச் சுண்டு கொட்டினார். அப்போதுதான் முள் நேரானது.

மாவை வழித்துவிட்டு, பானையிலிருந்து அரைச் சுண்டு அரிசி எடுத்துப் போட்டார். முள் உடனே நேராக நின்றது.

பரிமளம் மூன்றையும் பார்த்தாள். அழவில்லை. சுண்டைக் கையில் எடுத்து உள்ளே இருந்த கரிக்கோட்டைக் கட்டைவிரலால் அழித்தாள். அழித்த பிறகும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாதிதான் குடுத்திருக்கேன்," என்றாள். "முப்பத்திரெண்டு நாளும் பாதி."

"மெதுவாப் பேசு."

"அது கேட்டுச்சுண்ணே. பாலாடைய விடாமக் கேட்டுச்சு. அளவு முடிஞ்சதுன்னு நான்தான் புடுங்கினேன்."

"தாயி, நான் சொல்றதக் கேளு." சண்முகராஜா நாலு டின்னையும் பலகையிலிருந்து இறக்கிச் சாக்கில் போட்டார். "இத வண்டியில வச்சுடுறேன். புதுசு எட்டையும் நீ அடுக்கிடு. இன்னையிலருந்து முழுச் சுண்டு போடு. நாலு நாள்ல புள்ள தெளிஞ்சிரும். தெளிஞ்ச பெறகு எவன் கேக்கப்போறான்?"

"தெளியலன்னா?"

அவர் சாக்கின் வாயைக் கட்டினார்.

"அந்தம்மா வாய் தெரியும்ல உனக்கு? அக்கா புள்ளையப் பட்டினி போட்டுக் கொன்னுட்டு அக்கா எடத்துக்கு வரப் பாத்தான்னு சொல்லுவா. இந்த மலை பூரா சொல்லும். உன்னைய யாரு வீட்டுல சேப்பா? அப்பா இருக்கிற நெலமையில தாங்குவாரா? வாயத் தொறக்காத."

சாக்கோடு வெளியே போனார். பரிமளம் புது டின்களை அடுக்கினாள். ஏழாவது டின் கையிலிருந்து நழுவி உருண்டது. ஜெயலெட்சுமி உள்ளேயிருந்து, "ஒடச்சுத் தொலை," என்றாள்.

மூன்று மணிக்குச் சொன்னபடி லிங்கம் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துக்கு வந்து ஆறு வருஷம். கொழுந்து நிறுத்துவிட்டு வீரசிங்கமும் அப்போதுதான் வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். மனைவி இறந்ததிலிருந்து அவன் அந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரித்தான் நடந்தான்.

லிங்கம் கொண்டுவந்த தூக்குத்தராசில் துணியைக் கட்டிப் பாப்பாவைக் கிடத்தினார்.

"ஏழு இறாத்தல்தான் நிக்குது. போன மாசம் எட்டரை." கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "குடல் தாங்கேல்லை. இந்தப் பால்மா பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. இனி அதை நிப்பாட்டுங்கோ. ரெண்டு நாளைக்குப் பார்லித் தண்ணி மட்டும் குடுங்கோ. பிறகு பாப்பம்."

"அதான் நான் அன்னைக்கே சொன்னேன், டின்னுப்பால் விஷம்னு," என்றாள் ஜெயலெட்சுமி.

பரிமளம் அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாமென்றார்.

இரண்டு நாள் வெறும் தண்ணீர். இந்த உடம்பு இரண்டு நாள் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவள் எழுந்து வெளியே போனாள். வண்டியில் ஏறிச் சாக்கை அவிழ்த்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு டின் கொண்டுவந்து டாக்டரின் முன்னால் தரையில் வைத்தாள். மறுபடி போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தாள்.

"இந்த நாலும் பாப்பா வயித்துக்குள்ள போயிருக்கணும் ஐயா. போகல. பால்மாவ நிப்பாட்டாதீங்க. அதுக்கு ஒத்துக்கிடாம இல்ல. நான்தான் பாதி குடுத்தேன்."

லிங்கம் குனிந்து ஒரு டின்னின் மூடியைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க கால் இறாத்தல்னு எழுதுனீங்க. நான் அரைச் சுண்டு போட்டேன். அரிசிக் கணக்குல போட்டேன்."

முதலில் குரல் வந்தது ஜெயலெட்சுமியிடமிருந்துதான்.

"அடிப்பாவி! பொட்டலம் மடிச்சு மடிச்சு என் தம்பி புள்ளையக் கொன்னியாடி? மறச்சு வேற வச்சிருக்கீங்க, அண்ணனும் தங்கச்சியுமா! வண்டியில ஏத்திட்டாங்கடா தம்பி, பாத்தியா? தெரியாமச் செஞ்சவங்க ஏன் ஏத்துறாங்க?"

"மறச்சது நான்," என்றார் சண்முகராஜா. "அவ இல்ல."

"நீ புள்ளையத் தொடாத இனிமே! தம்பி, கேக்குதா? இவளக் கட்டிக்கிட்டு..."

"இரு அக்கா," என்றான் வீரசிங்கம்.

அவன் படியிலிருந்து உள்ளே வந்தான். பரிமளத்தை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் இல்லை; புரியாத முகம்.

"இதுல என்ன தப்பு? கொத்து ரெண்டு இறாத்தல், சுண்டு அரை. அது சரிதானே. நானும் லயத்துக்கு மாவ அப்படித்தானே..."

அவன் வாய் திறந்தபடியே நின்றது.

அரிசிக் கப்பல் குறைந்ததிலிருந்து தோட்டத்தில் பாதிக்கு அரிசியும் பாதிக்கு மாவும் போட்டு வந்தார்கள். மாவு தலைக்கு வாரம் இரண்டு இறாத்தல் என்பது தோட்டத்துத் துரையின் உத்தரவு. அரிசிக் காம்பரா சாவி வீரசிங்கத்திடம். அளப்பதும் அவனே.

"கோதுமை மாவு ஒரு கொத்து ஒண்ணேகால் இறாத்தல் வரும் மாப்ள," என்றார் சண்முகராஜா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அமுக்கிப் போட்டா ஒண்ணரை. அதுக்கு மேல வராது."

"எத்தினை கிழமையா?" என்று லிங்கம் கேட்டார்.

"ஆறு வாரமா."

"எத்தினை பேருக்கு?"

"முந்நூறு தலை."

லிங்கம் தராசை மடித்துப் பெட்டியில் வைக்க முயன்றார். கொக்கி சரியாக விழவில்லை. இரண்டாம் முறையும் விழவில்லை.

"நாலாம் நம்பர் லயத்தில பதினொரு பிள்ளையளுக்குக் கால் வீங்கி நிக்குது. நான் வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்துக்கொண்டிருக்கிறன்." பெட்டியைத் திறந்தபடியே விட்டு, "ரெண்டு பிள்ளை செத்து, தாட்டாச்சு," என்றார்.

ஜெயலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லிங்கம் பாப்பாவின் பக்கம் திரும்பினார். பரிமளத்திடம் மட்டும் பேசினார். "ஒரேயடியா முழுசாக் குடுக்காதையுங்கோ, குடல் புரண்டிடும். இண்டைக்கும் நாளைக்கும் முக்கால் சுண்டு. அதுக்குப் பிறகு முழுச் சுண்டு. மூண்டு நாள் தாண்டினாப் பிழைக்கும். தாண்டுமெண்டு நான் சொல்லமாட்டன்."

"இவளா குடுக்கிறது?" என்றாள் ஜெயலெட்சுமி.

"இவதான் குடுக்கவேணும் அம்மா. இந்த வீட்டில இப்ப அளவு தெரிஞ்ச ஆள் இவ ஒருத்திதான்."

வாசலில் நின்று வீரசிங்கத்திடம் சொன்னார்: "திங்கட்கிழமை காலமை நான் பங்களாவுக்குப் போவன். அதுக்கு முதல் நீங்களே துரையிட்டைப் போனால் நல்லது."

அவர் இறக்கத்தில் மறையும்வரை வீரசிங்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாவு மிஞ்சியிருக்கணுமே மாப்ள?" என்று கேட்டார் சண்முகராஜா.

"ஆறு மூட்டை. கொழும்பிலருந்து கூடப் போட்டு அனுப்புறாங்கன்னு நெனச்சேன். சிக்கனமா நடத்துறேன்னு தொர கைகுலுக்கினாரு."

"அப்பறம் என்ன? சாமான் இருக்குல்ல? இன்னைக்கே சேத்துப் போட்டுருங்க. தெனம் கொழுந்து நிறுக்கிற தராசு இருக்கு, அதுலயே நிறுத்துப் போடுங்க."

"ஆறு மூட்டைன்னு அவர் பொஸ்தகத்துல ஏறியாச்சு. மூட்டை எங்கன்னு கேப்பாரு. கேட்டா ரெண்டு புள்ள செத்ததையும் சேத்துத்தான் சொல்லணும்."

பரிமளம் அடுப்படியிலிருந்து பேசினாள். அவனோடு அவள் நேராகப் பேசுவது அபூர்வம்.

"சொல்லிடுங்க அத்தான். நான் சொல்லலையா?"

வீரசிங்கம் அவளிடம் வந்தான். குரல் உயரவில்லை.

"நீ சொன்னது வீட்டோட போச்சு. நான் சொன்னா வேல போகும். வேல போனா திங்கட்கெழம ராத்திரிக்குள்ள இந்த வீட்டக் காலி பண்ணணும். ரெண்டு நாள் வண்டியில இந்தப் புள்ள பதுளை போய்ச் சேருமா? நீயே சொல்லு. மூணு நாள் தாண்டணும்னாரு."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

"தாண்டட்டும். டாக்டரையாகிட்ட ரெண்டு நாள் தவணை கேட்டுக்கிறேன். அதுக்கப்பறம் பாத்துக்குவோம்," என்று சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

நாலரை மணிக்கு அரிசிக் காம்பராவின் முன்னால் ஆட்கள் சாக்கும் துணியுமாக நின்றார்கள். அடுப்படி ஜன்னலிலிருந்து பத்து முழ தூரம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். இப்போது எல்லோரும் குந்தியிருந்தார்கள், நிற்க விரும்பாதவர்கள் மாதிரி.

பரிமளம் முக்கால் சுண்டு மாவை ஆறாகப் பிரித்து, முதல் பங்கைக் கரைத்தாள். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டாள். ஜெயலெட்சுமி எதிரே உட்கார்ந்து, அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் மடக்கு கடைவாயில் வழிந்தது. இரண்டாவது உள்ளே இறங்கியது.

வெளியே வீரசிங்கம் பேர் வாசித்தான். கொத்து மாவில் புதையும் சத்தம், பிறகு கட்டையால் மேலே வழிக்கும் சத்தம். ஒருவருக்கு ஒரு கொத்து. அதே கொத்து.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து துணியை விரித்தாள்.

"ஐயா, இதுக்குக் காலு ரெண்டும் வீங்கிப்போச்சுங்க. ஒரு கை கூடப் போடுங்க. கும்பிடுறேன்."

கொத்தில் மாவு குமிந்திருந்தது. வழிக்கும் கட்டை அதன் மேல் நின்றது. வீரசிங்கம் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தான்.

பரிமளம் பார்வையை விலக்கவில்லை. ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அந்த வரிசை முழுவதுக்கும் கேட்டிருக்கும். அவள் மடியில் ஏழு இறாத்தல் கனத்தது.

கட்டை நகர்ந்தது. குமிந்திருந்த மாவு மூட்டைக்குள் திரும்ப விழுந்தது.

"அடுத்த ஆள்," என்றான் வீரசிங்கம்.

பாப்பா பாலாடையைத் தேடி வாயைத் திறந்தது.